மண்ணாங்கட்டி விளைவு

மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்யும் மண்ணாங்கட்டி "வேணாங்க" என்று சொன்னது பதினைந்து வருடங்களுக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு. சொன்ன அரை மணி நேரத்தில் அவர் அதை மறந்துவிட்டார். உலகம் மறக்கவில்லை.

அவருக்கு முன்னால் பிறந்த இரண்டு பிள்ளைகள் தங்கவில்லை. மூன்றாவதையாவது எமன் திரும்பிப் பார்க்காமல் இருக்கட்டும் என்று பெற்றோர் அந்தப் பெயரை வைத்தார்கள். எமன் பார்க்கவில்லை. ஒரு பொருளாதார நிபுணர் பார்த்துவிட்டார்.

நிபுணரின் பெயர் தட்சணாமூர்த்தி. அப்போது அவர் பேராசிரியர் ஆகவில்லை. சென்னையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். துறை, சுகாதாரப் பொருளாதாரம். உடம்புக்கு முடியவில்லை என்று போனால் மருத்துவர், என்ன செய்கிறது என்று கேட்பார். சுகாதாரப் பொருளாதார நிபுணர், அது சரியாவதற்கு நீ எவ்வளவு தருவாய் என்று கேட்பார். இரண்டும் தேவையான கேள்விகள்தான் என்று சொல்கிறார்கள்.

அன்று அவர் ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் கோணிப்பையுமாக உப்பள வரப்பில் தடுமாறி நடந்து வந்தார். பையில் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி. நாள் முழுக்க உப்புத் தண்ணீரில் நிற்பவர்களின் கால் வெடித்துப் புண்ணாகிறது. பூட்ஸ் போட்டால் புண் வராது. அதற்கு அவர்கள் என்ன விலை கொடுப்பார்கள்? ஆராய்ச்சி இவ்வளவுதான்.

மண்ணாங்கட்டி உப்பு வாரும் பலகையை வரப்பில் போட்டுவிட்டு வந்து பூட்ஸைக் கையில் வாங்கிப் பார்த்தார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார். இரண்டும் இடது காலுக்கானவை.

கடையில் மாற்றிக் கட்டிக் கொடுத்திருக்க வேண்டும். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். ஆனால் வந்தவர் கண்ணாடி போட்டவர், பெரிய படிப்புப் படிக்கிறவர், அவ்வளவு தூரத்திலிருந்து வெயிலில் வந்திருக்கிறார். அவரிடம் போய் வலது எது இடது எது என்று சொல்வது மரியாதையாக இருக்காது என்று பட்டது. வாயை மூடிக்கொண்டார்.

"இந்த பூட்ஸ் ஐந்நூறு ரூபாய்னா வாங்குவீங்களா?" என்று கேட்டார் தட்சணாமூர்த்தி.

"வேணாங்க."

"நானூறு?"

"வேணாங்க."

விலை படிப்படியாக இறங்கியது. ஐம்பதிலும் மண்ணாங்கட்டி அசையவில்லை.

"சரி, சும்மாவே தர்றோம். போட்டுக்குவீங்களா?"

மண்ணாங்கட்டி இன்னொரு முறை பூட்ஸைப் பார்த்தார். "வேணாங்க."

தட்சணாமூர்த்தியின் பேனா நின்றது. "நாங்களே தெனம் பத்து ரூபாய் குடுத்துப் போட்டுக்கச் சொன்னா?"

"அய்யய்யோ, நடக்க வராதுங்க."

தட்சணாமூர்த்தி தாளில் எழுதினார்: 'நடத்தை மாறாது.'

'ஏன்' என்று எழுத அந்தத் தாளில் இடம் இருக்கவில்லை. வெயிலும் ஏறிவிட்டது. கேட்க வேண்டியிருந்த மீதி இருபத்தொன்பது பேரின் பதில்களை அவர் மண்ணாங்கட்டியின் பதிலை ஒட்டி அனுமானித்துக்கொண்டு, சாலைக்கு வந்து இளநீர் குடித்துவிட்டு பஸ் ஏறினார். அப்படி அனுமானிப்பதற்கு அந்தத் துறையில் தனிப் பெயர் இருக்கிறது. அது குற்றத்தில் சேராது.

இரண்டு வருடம் கழித்து உலகம் 'மண்ணாங்கட்டி விளைவு' என்ற சொல்லைக் கேட்டது. ஏழைகள் நல்ல ஆரோக்கியத்தைச் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். நாமே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னாலும் வாங்கமாட்டார்கள். இதுதான் விளைவு. தட்சணாமூர்த்தி முதலில் டாக்டர் தட்சணாமூர்த்தி ஆனார், பிறகு பேராசிரியர் ஆனார், பிறகு ஒரு ஆய்வு மையத்தின் இயக்குநர் ஆனார். 'மண்ணாங்கட்டி விளைவும் கொசுவலையும்', 'மண்ணாங்கட்டி விளைவும் சத்து மாத்திரையும்', 'மண்ணாங்கட்டி விளைவு: ஒரு மறுபார்வை', 'மறுபார்வைக்கு ஒரு மறுபார்வை' என்று எழுபத்து மூன்று கட்டுரைகள் எழுதினார். அவற்றை உலகமெங்கும் மற்ற அறிஞர்கள் ஆறாயிரத்துச் சொச்சம் முறை மேற்கோள் காட்டினார்கள். வெளிநாடுகளில் 'வலுவான மண்ணாங்கட்டி'க் கட்சி, 'பலவீன மண்ணாங்கட்டி'க் கட்சி என்று இரண்டு பிரிவுகள் உருவாயின. கருத்தரங்குகளில் அவர்கள் ஒரே மேசையில் சாப்பிட உட்காருவதில்லை.

இதற்கு நடுவில், உப்பளத் தொழிலாளர் எல்லாருக்கும் ரப்பர் பூட்ஸ் கொடுக்கலாம் என்று மேலே ஒரு திட்டம் கிளம்பியது. கருத்துச் சொல்ல பேராசிரியரைக் கூப்பிட்டார்கள். அவர் பேசியது கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது.

"இலவசமாகக் கொடுத்தால் மதிக்க மாட்டார்கள். விலைக்குக் கொடுத்தால் வாங்க மாட்டார்கள். கூலி கொடுத்தாலும் போட மாட்டார்கள். ஆகவே, கொடுக்காமல் இருப்பதுதான் மிகச் சிக்கனமான வழி. இதன் வெற்றி விகிதம் நூறு சதவீதம். கொடுக்காத பூட்ஸ் ஒன்றுகூட இன்றுவரை வீணானதில்லை."

திட்டம் நின்றது. மிச்சமான தொகையில், பூட்ஸ் ஏன் கொடுக்கப்படவில்லை என்பதை ஆராய மையத்துக்கு ஒரு புதுக் கட்டடம் கட்டினார்கள்.

இது எதுவும் மண்ணாங்கட்டிக்குத் தெரியாது. அவர் காலையில் வேலைக்குப் போனார், மத்தியானம் வந்தார்.

இந்த வருடம் மாசி மாதம் அவர் மனைவி ரேணுகாவின் வலது காலில், கட்டை விரலுக்குக் கீழே ஒரு புண் வந்தது. இருபது வருடமாக உப்புத் தண்ணீரில் நிற்கிறவள். புண் வருவதும் ஆறுவதும் புதிதில்லை. இது ஆறவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா புண்ணைப் பார்த்துவிட்டு ரேணுகாவின் முகத்தைப் பார்த்தார்.

"சுகர் இருக்குது உங்களுக்கு. இன்னும் ரெண்டு மாசம் இதே மாதிரி தண்ணியில நின்னா விரலை எடுக்க வேண்டியிருக்கும். ஒண்ணு வேலைக்குப் போகாதீங்க, இல்லாட்டி பூட்ஸ் போடுங்க."

வேலைக்குப் போகாமல் இருப்பது பற்றி இருவரும் யோசிக்கவில்லை. மண்ணாங்கட்டி பூட்ஸ் வாங்கப் புறப்பட்டார். மரக்காணம் கடைகளில் எட்டாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும்தான் இருந்தன. ரேணுகாவுக்கு நாலாம் நம்பர். பாண்டிச்சேரிக்குப் போனார். அங்கேயும் அதே கதை.

"லேடீஸ் சைஸ்ல முழங்கால் பூட்ஸ் யாருங்க கேக்கறாங்க?" என்றார் கடைக்காரர். "மொத்தமா அம்பது ஜோடின்னா கம்பெனில சொல்லி வரவழைக்கலாம். ஒரு ஜோடிக்குச் செய்ய மாட்டாங்க."

அதைக் கேட்ட ரேணுகா, "நம்ம அளத்துலயே அறுபது பொம்பளைங்க இருக்கறோமே" என்றாள். "எல்லார் காலும் இதே கதிதான். ஆபீஸ்ல போய் எல்லாருக்கும் சேத்துக் கேளு. நீ கேட்டா குடுக்காமயா போயிடுவாங்க?"

உப்பளப் பாதநலப் பிரிவு என்று ஒரு அலுவலகம் மாவட்டத் தலைநகரில் இருந்தது. பூட்ஸ் திட்டத்துக்காகத் தொடங்கியது. திட்டம் நின்ற பிறகும் அலுவலகம் நிற்கவில்லை. ஏழு பேர் வேலை பார்த்தார்கள். பூட்ஸ் கேட்டு வரும் மனுக்களுக்கு, பூட்ஸ் கிடையாது என்று முப்பது நாளுக்குள் பதில் போடுவது அவர்கள் பணி. இதில் அவர்கள் ஒருநாளும் தாமதித்ததில்லை என்று சுவரில் ஒரு பாராட்டுச் சான்றிதழ் தொங்கியது. அதிகாரியின் பெயர் குழந்தைசாமி.

மண்ணாங்கட்டி நீட்டிய மனுவைக் குழந்தைசாமி படிக்கவில்லை. "பூட்ஸா? குடுக்க முடியாதுப்பா. அதுக்கு ஆராய்ச்சியே இருக்குது."

"இன்னா ஆராய்ச்சிங்க?"

"மண்ணாங்கட்டி."

"சொல்லுங்கய்யா."

"சொல்லிட்டேனேப்பா. மண்ணாங்கட்டி."

"நான்தாங்க. சொல்லுங்க."

குழந்தைசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏம்பா, நான் இன்னா சொல்றேன், நீ இன்னா சொல்ற? பூட்ஸ் ஏன் இல்லன்னு கேட்டே. மண்ணாங்கட்டின்னு சொல்றேன். அது ஒரு தியரி."

மண்ணாங்கட்டி சட்டைப் பையிலிருந்து ஆதார் அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். குழந்தைசாமி பெயரைப் பார்த்தார். ஊரைப் பார்த்தார். மறுபடி பெயரைப் பார்த்தார். மெதுவாக எழுந்து நின்றார்.

"அந்த மண்ணாங்கட்டியா?"

அடுத்த கால் மணி நேரம் மண்ணாங்கட்டி வாழ்க்கையில் காணாத மரியாதை. நாற்காலி போட்டார்கள். டீ வந்தது. ஏழு பேரும் அவரோடு தனித்தனியாகப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். குழந்தைசாமி தன் பதவி உயர்வுத் தேர்வில் பத்து மார்க் வாங்கியதே மண்ணாங்கட்டி விளைவு பற்றிய கேள்வியில்தான் என்று நெகிழ்ந்தார். பதினைந்து வருடங்களுக்கு முன்னால் என்ன நடந்தது, அதனால் என்னென்ன நின்றது என்று அவர் சொல்லித்தான் மண்ணாங்கட்டி தெரிந்துகொண்டார். டீ ஆறிப்போயிற்று.

"அய்யா, அது நான் தெரியாம சொன்னதுங்க. இப்போ வேணுங்க. குடுத்துடுங்க."

"எப்பிடிப்பா? உன் பேர்லயே ஒரு தியரி இருக்கும்போது உனக்கே பூட்ஸ் குடுத்தா நாளைக்கு மேல கேக்க மாட்டாங்களா? வேற யாராவது கேட்டாக்கூட யோசிக்கலாம். உனக்குக் குடுத்தா அது விஞ்ஞானத்துக்கே விரோதம்."

"இப்போ நான் இன்னாங்க செய்யணும்?"

"ஆராய்ச்சியால நின்னுது. ஆராய்ச்சியாலதான் எழுந்திருக்கணும். பேராசிரியரைப் பாரு."

இதை மண்ணாங்கட்டி வீட்டில் மட்டும்தான் சொல்ல நினைத்தார். ஆனால் அவர் பஸ் ஏறுவதற்குள் அலுவலகத்தில் எடுத்த போட்டோக்கள் போன் வழியாக உப்பளத்துக்கு வந்துவிட்டன, விளக்கத்தோடு. மறுநாள் காலை வரப்பில் பெண்கள் அவருக்கு வழிவிடாமல் நின்றார்கள். அவர்களில் மாரியம்மாள் என்பவள் தன் காலைத் தூக்கிக் காட்டினாள். குதிகால் முழுக்க வெடிப்பு.

"பாரு, நல்லாப் பாரு. ஓசில குடுக்க வந்ததை ஊருக்கே சேத்து வேணான்னு சொன்னியாமே?"

வீட்டில் ரேணுகா அவரை எதிரில் உட்காரச் சொன்னாள். கட்டுப் போட்ட அவள் கால் ஒரு மணையின்மேல் இருந்தது.

"ஏன்யா வேணான்னு சொன்னே?"

பதினைந்து வருடத்தில், ஆறாயிரம் மேற்கோள்களில், யாரும் அவரை இதைக் கேட்டதில்லை.

"ரெண்டும் எடது காலு, ரேணுகா."

ரேணுகா அவரைச் சிறிது நேரம் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். கால் வலித்தது, வலிக்க வலிக்கச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைசியில் சொன்னாள்: "போ. போய் அந்த மனுசன்கிட்ட இதைச் சொல்லிட்டு வா. இந்த ஒரு வார்த்தைக்கு ஏன்யா இத்தனை பேரு காலு அழுகணும்?"

சென்னையில் ஆய்வு மையத்தின் வாசலில் மண்ணாங்கட்டி நின்று அண்ணாந்து பார்த்தார். முதல் மாடியில் பெரிய எழுத்தில் 'மண்ணாங்கட்டி அரங்கம்' என்று இருந்தது. செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. முன் அனுமதி வேண்டுமாம்.

பெயரைக் கேட்டுவிட்டு ஒரு பெண் ஓடி வந்தாள். அனுஷியா என்று பெயர். மையத்தில் ஆராய்ச்சி உதவியாளர். ஊர் மரக்காணத்துக்குப் பக்கத்திலிருக்கும் அனுமந்தை, மீன்பிடிக் குடும்பம். மரக்காணத்துக்காரரை வாசலில் நிற்கவைத்ததற்கு அவளே மன்னிப்புக் கேட்டு, உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். அவர் வந்த விஷயத்தைச் சொன்னார். அனுஷியா கீழே கிடங்குக்குப் போனாள். மூல ஆவணங்களோடு பழைய கோணிப்பையும் அங்கே பத்திரமாக இருந்தது. திரும்பி வந்தபோது இரண்டு பூட்ஸும் அவள் கையில் இருந்தன.

"அண்ணே, ரெண்டும் எடதுதான்."

"அதான்மா நானும் சொல்றேன்."

"என் பி.எச்டி.யே 'மீனவர்களிடையே மண்ணாங்கட்டி விளைவு'ண்ணே. நாலு வருஷம் எழுதியிருக்கேன்."

"மன்னிச்சிக்கோம்மா" என்றார் மண்ணாங்கட்டி.

பேராசிரியர் தட்சணாமூர்த்தி அவரை அன்போடு வரவேற்றார். தோளில் கை போட்டார். சுவரில் இருந்த விருதுகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். பிறகு விஷயத்தைக் காது கொடுத்துக் கேட்டார்.

"ரெண்டும் இடது. சரி. அது ஒரு வரம்பு. எல்லா ஆராய்ச்சிக்கும் வரம்பு உண்டு, மண்ணாங்கட்டி. அடுத்த பதிப்பில் அடிக்குறிப்பாகப் போட்டுவிடலாம்."

"இப்போ எங்களுக்கு பூட்ஸ் வேணுங்கய்யா. வீட்டுக்காரிக்குக் கால் போற நெலமையில இருக்குது."

"வேணும் என்று உங்களுக்கு இப்போது தோன்றுகிறது இல்லையா? மறுத்தவர்கள் பிற்பாடு கேட்பார்கள் என்று நான் ஏழு வருடம் முன்பே எழுதியிருக்கிறேன். கேட்பதற்கும் வேண்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் உங்களை ஒரு தனி மனிதராகப் பார்க்கிறீர்கள். அங்கேதான் தவறு செய்கிறீர்கள். நீங்கள் ஒரு சராசரி."

மண்ணாங்கட்டி தலையைக் குனிந்துகொண்டார். தான் என்னவென்று இவ்வளவு உறுதியாக அவரிடம் யாரும் சொன்னதில்லை.

"உங்கள் மறுப்பைக் கட்டுரையாக எழுதி ஆய்விதழுக்கு அனுப்புங்கள். அறிவுலகம் திறந்த மனதோடு இருக்கிறது" என்று பேராசிரியர் வாசல்வரை வந்து வழியனுப்பினார். ஆய்விதழின் ஆசிரியர் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

அனுஷியாதான் எழுதிக் கொடுத்தாள். மொத்தம் நான்கு வாக்கியம். 'என் பெயர் மண்ணாங்கட்டி. அன்றைக்குக் காட்டிய பூட்ஸ் இரண்டும் இடது கால். அதனால்தான் வேண்டாம் என்றேன். வலதும் இடதுமாக இருந்தால் எங்கள் எல்லாருக்கும் வேண்டும்.' அனுப்பும் படிவத்தில் 'எழுதியவரின் நிறுவனம்' என்ற இடத்தை நிரப்பாமல் கணினி விடவில்லை. 'உப்பளம்' என்று போட்டார்கள். 'துறை' என்ற இடத்தில் 'வாருதல்' என்று போட்டார்கள்.

ஐந்து வாரம் கழித்து பதில் வந்தது. பெயர் சொல்லாத மூன்று அறிஞர்கள் கட்டுரையைப் பரிசீலித்திருந்தார்கள். முதலாமவர், கட்டுரை மிகவும் எளிதாகப் புரிகிறது என்று குறைபட்டிருந்தார். இரண்டாமவர், 'எழுதியவருக்கு மண்ணாங்கட்டியைப் பற்றிய அடிப்படை அறிவு இல்லை. கீழ்க்கண்ட பதினொரு கட்டுரைகளை அவர் முதலில் படிக்க வேண்டும்' என்று எழுதியிருந்தார். பதினொன்றும் பேராசிரியர் தட்சணாமூர்த்தியுடையவை. மூன்றாமவர்தான் கறாராக இருந்தார்: 'ஒரே ஒரு ஆளின் அனுபவத்தை வைத்துக்கொண்டு ஒரு பெரிய முடிவுக்கு வருவதை அறிவியல் அனுமதிக்காது.'

கட்டுரை நிராகரிக்கப்பட்டது. ரேணுகாவின் புண் இதற்குள் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வந்திருந்தது. பிளாஸ்டிக் பையைக் காலில் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். பத்தாவது அடியில் உப்பு பையைக் கிழித்துவிடும். சாயங்காலம் கட்டைப் பிரிக்கும்போது மண்ணாங்கட்டி வெளியே போய்விடுவார். அவள் பல்லைக் கடிக்கிற சத்தத்தை அவரால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

வைகாசியில் பேராசிரியரிடமிருந்து அழைப்பிதழ் வந்தது. மண்ணாங்கட்டி விளைவின் பதினைந்தாம் ஆண்டு நிறைவு விழா. இடம், மரக்காணத்தை அடுத்து கடலோரத்தில் இருந்த ஒரு பெரிய ரிசார்ட். பன்னிரண்டு நாடுகளிலிருந்து நூற்றிருபது அறிஞர்கள். சிறப்பு விருந்தினர் மண்ணாங்கட்டி.

"போறியா?" என்று கேட்டாள் ரேணுகா.

"போய் மைக்குல சொல்லிடறேன். நூத்திருபது பேருல ஒருத்தருக்காவது ரெண்டு காலு இருக்கும்ல."

விழா மண்டபத்தில் ஏசி குளிராக இருந்தது. மண்ணாங்கட்டிக்குப் பொன்னாடை போர்த்தியது நல்லதாகப் போயிற்று. முதலில் குழந்தைசாமி பேசினார். கடந்த வருடம் மட்டும் தன் பிரிவு ஆயிரத்து நானூறு மனுக்களை நிராகரித்ததாகவும், அதற்கு முந்தைய வருடத்தைவிட இது இருபது சதவீதம் வளர்ச்சி என்றும் சொன்னபோது கைதட்டல் எழுந்தது. பிறகு பேராசிரியர்.

"பதினைந்து வருடங்களில் இந்தக் கடற்கரை எனக்கு எழுபத்து மூன்று கட்டுரைகளையும் நான்கு விருதுகளையும் தந்தது. நான் இந்தக் கடற்கரைக்கு என்ன தந்தேன் என்று சிலர் கேட்கிறார்கள். மேற்கோள் தந்தேன். இன்று உலகத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் பாதம் மரக்காணத்துப் பாதம்தான். நான் வருவதற்கு முன்னால் இங்கே இருந்தவை வெறும் புண்கள். இன்று அவை தரவுகள். ஒரு புண் ஆறிவிட்டால் அதோடு முடிந்தது. ஒரு தரவு என்றைக்கும் ஆறாது."

அவர் குரல் தழுதழுத்தது. முன்வரிசையில் இருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மண்ணாங்கட்டியை மைக் முன்னால் நிறுத்தினார்கள். அனுஷியா பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தாள்.

"வணக்கங்க. அன்னைக்கு அய்யா கொண்டாந்த பூட்ஸ் ரெண்டும் எடது காலுங்க. அதனாலதான் வேணான்னேன். வலதும் எடதுமா இருந்தா யாருங்க வேணாம்பாங்க? எங்க அளத்துல அறுபது பொம்பளைங்களுக்குக் கால்ல புண்ணு. எங்க வீட்டுக்காரிக்கு வெரலை எடுத்துடுவாங்க போல இருக்குது. பூட்ஸ் வேணுங்க. அவ்ளோதாங்க."

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மண்ணாங்கட்டிக்கு நெஞ்சு லேசானது. புரிந்துவிட்டது என்று நினைத்தார்.

முதல் கேள்வி பலவீன மண்ணாங்கட்டிக் கட்சியிலிருந்து வந்தது. ஒரு பூட்ஸை வைத்துப் பார்த்தால் ஐம்பது சதவீத ஏற்பு இருந்திருக்கிறது என்றுதானே இதற்குப் பொருள்? வலுவான கட்சியைச் சேர்ந்த ஒருவர் குதித்தெழுந்து, இடது பூட்ஸ் சரியாக இருந்தும் அதையும் மறுத்தது தங்கள் வாதத்தைத்தான் உறுதிசெய்கிறது என்றார். இரு தரப்பும் எழுந்தன. வலது காலுக்கெனத் தனிக் கோட்பாடு தேவை என்று மூன்றாவது கட்சி ஒன்று அங்கேயே பிறந்தது. தலைமை வகித்தவர் மணி அடித்து, தேநீருக்கு நேரமாகிவிட்டது என்றார்.

மண்ணாங்கட்டி பொன்னாடையை மடித்துக்கொண்டே அனுஷியாவைப் பார்த்தார். "நான் தப்பாச் சொல்லிட்டேனாம்மா?"

"இல்லண்ணே" என்றாள் அனுஷியா. "சரியாத்தான் சொன்னீங்க." அதற்குமேல் அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

தேநீருக்குப் பிறகு நிகழ்ச்சி நிரலில் 'களப்பயணம்' என்று இருந்தது. மூன்று பஸ்களில் நூற்றிருபது பேரும் உப்பளத்துக்குப் போனார்கள். பாத்தி ஓரமாக நடக்கும்போது உப்பு காலைக் கிழிக்கும் என்பதால், விழாக் குழு அவர்களுக்கு முழங்கால் வரை வரும் புத்தம் புது ரப்பர் பூட்ஸ் வரவழைத்திருந்தது. ஏற்பாடு அனுஷியாவுடையது. மின்னஞ்சலில் ஒவ்வொருவரின் அளவையும் கேட்டிருந்தாள். பாதிப் பேர் பெண்கள். மூன்றாம் நம்பரிலிருந்து ஐந்தாம் நம்பர் வரை தனியாகச் சொல்லித் தருவித்திருந்தாள். என்ன விலை தருவீர்கள் என்று அவர்களை யாரும் கேட்கவில்லை. சும்மா கொடுத்தால் மதிப்பீர்களா என்றும் கேட்கவில்லை. நூற்றிருபது பேரும் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள்.

சுற்றிப் பார்க்க நாற்பது நிமிடம் ஆயிற்று. வெள்ளை உப்புக் குவியல்களின் முன்னால் படம் எடுத்துக்கொண்டார்கள். பிளாஸ்டிக் பை கட்டிய ரேணுகாவின் காலையும் பலர் படம் எடுத்தார்கள். கிளம்பும்போது பூட்ஸெல்லாம் சேறு. பஸ் சீட் வீணாகும் என்று டிரைவர் கத்தினார். எல்லாரும் வரப்பிலேயே கழற்றிப் போட்டுவிட்டுச் செருப்போடு ஏறினார்கள். பேராசிரியர் ஜன்னல் வழியாக, "அனுஷியா, அதையெல்லாம் கணக்குப் பார்த்து எடுத்துக்கொண்டு வா" என்றார். பஸ்கள் போய்விட்டன.

நூற்றிருபது ஜோடி பூட்ஸ் வரப்பில் வரிசையாகக் கிடந்தன. அறுபது பெண்களும் அதே அளவு ஆண்களும் அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் கிட்டே போகவில்லை. மாரியம்மாள் மண்ணாங்கட்டியைப் பார்த்தாள். மற்றவர்களும் பார்த்தார்கள்.

"இதை எடுத்துட்டுப் போக வண்டி எப்போம்மா வரும்?" என்று கேட்டார் மண்ணாங்கட்டி.

அனுஷியா போனை எடுத்து எதையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். "நான் இன்னும் வண்டிக்குச் சொல்லவே இல்லண்ணே."

மண்ணாங்கட்டி வரப்பில் இறங்கினார். நாலாம் நம்பர் ஒரு ஜோடியைத் தேடி எடுத்தார். வாய்க்கால் தண்ணீரில் அலசினார். உள்ளே துண்டால் துடைத்தார். ரேணுகாவின் முன்னால் உட்கார்ந்து, அவள் காலில் இருந்த பிளாஸ்டிக் பையை அவிழ்த்து, சுத்தத் துணியைச் சுற்றி, பூட்ஸை மெதுவாக ஏற்றினார். ரேணுகா எழுந்து நின்றாள். பாத்திக்குள் ஒரு அடி வைத்தாள். இன்னொரு அடி வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு எதையோ எதிர்பார்த்துக் காத்திருந்தவள், அது வராமல் போகவே, அப்படியே நின்றாள்.

"எரியலய்யா" என்றாள்.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. ஆளுக்கொரு ஜோடி எடுத்துப் போட்டுக்கொண்டார்கள்.

இரண்டு வாரத்தில் டாக்டரம்மா புண் காய்ந்துவருகிறது என்றும் விரலுக்கு இனி ஆபத்தில்லை என்றும் சொன்னார். அதே வாரம் அனுஷியா மையத்திலிருந்து மறுபடி வந்தாள். பூட்ஸ் இன்னும் திரும்பி வரவில்லை என்று பேராசிரியர் கண்டுபிடித்திருந்தார். வரப்பில் நின்றபடி அவருக்குப் போன் போட்டாள்.

"சார், எல்லாரும் போட்டுக்கிட்டு வேலை செய்யறாங்க."

"யார் போடச் சொன்னது?"

"யாரும் சொல்லல சார். அவங்களேதான்."

"எத்தனை பேர்?"

"எல்லாரும், சார்."

"அனுஷியா, இது விளையாட்டு இல்லை. எழுபத்து மூன்று கட்டுரைகள் இருக்கின்றன. உடனே கழற்றச் சொல்."

அனுஷியா போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, பாத்தி நடுவில் உப்பு வாரிக்கொண்டிருந்த ரேணுகாவைக் கூப்பிட்டாள். "அக்கா, சார் பூட்ஸைக் கழட்டித் தரச் சொல்றாரு."

ரேணுகா பலகையை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தாள். "தாராளமா. எனக்குக் குனிய முடியாதும்மா, இடுப்பு புடிச்சிருக்குது. சாரையே வந்து கழட்டிக்கச் சொல்லு."

மாரியம்மாள் அந்தப் பக்கத்திலிருந்து, "எனக்கும்தான்" என்றாள். அறுபது பெண்களுக்கும் இடுப்பு பிடித்திருந்தது.

பேராசிரியர் கிளம்பி வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். மறுநாள் காலையிலேயே கார் வந்து நின்றது. இறங்கி வரப்பு முனைவரைக்கும் நடந்தார். ரேணுகா நின்ற இடம் அங்கிருந்து முப்பது அடி, எல்லாம் உப்புத் தண்ணீர். அவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டார். தோல் ஷூவைப் பார்த்தார். தண்ணீரைப் பார்த்தார். பிறகு அனுஷியாவிடம் திரும்பி, உள்ளே இறங்கத் தனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வேண்டும் என்றார்.

ஒன்றுகூட மீதியில்லை என்று அனுஷியா சொன்னாள்.